எதிர்ப்பின் நடுவே சுவிசேஷம் அறிவிக்க: தரங்கம்பாடி கற்றுத்தருவது

சுவிசேஷம் அறிவிக்கும்போது எதிர்ப்பு எழுந்தால், அது யாரிடமிருந்து, எதற்காக வருகிறது என்பதை முதலில் நிதானமாக ஆராய வேண்டும். கிறிஸ்துவின் மீதுள்ள வெறுப்பென்று நாம் எண்ணுவது, பிள்ளை தன்னைவிட்டுப் போய்விடுவானோ என்ற தாயின் அச்சமாக இருக்கலாம். தன் குலதெய்வத்தை யாரோ இழிவாகப் பேசியதால் உண்டான மனப்புண்ணாகவும் இருக்கலாம். இவை எல்லாவற்றையும் உபத்திரவம் என்ற ஒரே பெயரால் அழைத்துவிட்டால், நாம் மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் வீரம் பேசிக்கொண்டிருப்போம்.

1706 ஜூலை 9 அன்று, அப்போது டேனியர் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த ஜெர்மானிய மிஷனரி பர்த்தலோமேயு சீகன்பால்கின் வாழ்க்கையை ஊழியத்தில் இருப்பவர்கள் இந்த நோக்கில் மறுபடியும் வாசிக்க வேண்டும் என்பது என் விருப்பம். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக்கே அவரை அனுப்பியிருந்தும், அவருக்குக் கடுமையான தடைகளை உண்டாக்கியவர்கள் அங்கிருந்த டேனிஷ் அதிகாரிகள்தாம். 1708-இன் இறுதியில் ஆளுநரின் ஆணைப்படி சிறைப்பட்ட அவர், ஏறத்தாழ நான்கு மாதங்கள் கோட்டைக்குள் அடைபட்டிருந்தார். விடுதலையானபின் ஊரைவிட்டுப் போகவில்லை. சிறைப்படுவதற்கு முன் தொடங்கியிருந்த புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பைத் தொடர்ந்து செய்து, 1711-இல் முடித்தார். அது 1715-இல் முழுமையாக அச்சேறியது. எதிர்ப்பு நம் சொந்த மக்களிடமிருந்தோ சபைக்குள்ளிருந்தோ வரும்போது மனம் உடைந்துபோகும் ஊழியர்களுக்கு இந்த வரலாறு பெரிய ஆறுதல்.

அவருடைய விடாமுயற்சி எங்கே வேர்விட்டிருந்தது என்பதைக் கவனியுங்கள். வந்த புதிதில் அவர் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். தமிழ்ச் சுவடிகளைத் தேடிச் சேர்த்துப் படித்தார். பின்னாளில் தம் உடன் ஊழியர் கிரண்ட்லருடன் சேர்ந்து, இந்துக்களிடம் அவர்களுடைய சமயம் பற்றியும் வாழ்க்கை பற்றியும் கேள்விகள் அனுப்பி, மடல்களாக வந்த பதில்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். தம் நம்பிக்கையில் உறுதியாக இருந்த ஒருவர், மற்றவர் என்ன நம்புகிறார் என்பதை அவர் வாயாலேயே கேட்டறிய இவ்வளவு உழைத்தார். ஆகவே, உங்கள் தெருவில் பேச்சைத் தொடங்குமுன் கேட்கத் தொடங்குங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஏன் விரதம் இருக்கிறார், எந்தத் துயரத்தில் எந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டார் என்பதைப் பொறுமையோடு கேட்டறிந்தவரின் பேச்சுக்கும், கைப்பிரதியைத் திணித்துவிட்டு நகர்பவரின் பேச்சுக்கும் உள்ள வேறுபாட்டை அந்தப் பெரியவரே உணர்வார். பிறருடைய தெய்வங்களைப் பழிக்காதீர்கள். நம் நம்பிக்கையைப் பற்றி விசாரிக்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்லும்படி பேதுரு எழுதியது, துன்பப்பட்டுக்கொண்டிருந்த விசுவாசிகளுக்குத்தான்.

அடுத்தது சட்டம். அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. அந்த உரிமை மற்றவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. பல மாநிலங்களில் மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் தனிச் சட்டங்கள் இருப்பதால், வெளி மாநிலத்துக்கு ஊழியம் செய்யச் செல்பவர்கள் அவ்விடத்துச் சட்டத்தை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பணமோ வேலையோ மருத்துவ உதவியோ செய்யும்போது விசுவாசத்தை அதற்கு நிபந்தனையாக்கக் கூடாது. பெற்றோர் அறியாமல் சிறுபிள்ளைகளிடம் பேசக் கூடாது. இவற்றைச் சட்டத்துக்குப் பயந்து மட்டுமல்ல, சுவிசேஷத்தின் மதிப்பைக் காக்கவும் கடைப்பிடிக்க வேண்டும். யாராவது மிரட்டினாலோ கூட்டத்தைக் கலைத்தாலோ, கைகலப்புக்கு இடங்கொடாமல் விலகி, நடந்ததை நாளும் நேரமும் குறித்து எழுதி, காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதற்கான ரசீதைப் பெற்றுக்கொள்ளுங்கள். சவுக்கால் அடிக்கக் கட்டியபோது பவுல் தம் ரோமக் குடியுரிமையை எடுத்துச் சொன்னார்; அதை யாரும் விசுவாசக் குறைவென்று சொல்வதில்லை.

இடத்தை மாற்றுவதும் விடாமுயற்சியே. எபேசுவில் பவுல் ஜெப ஆலயத்தில் மூன்று மாதம் பேசினார். சிலர் கடினப்பட்டு நிந்தித்தபோது அங்கிருந்து விலகி, திறன்னு என்பவருடைய வித்தியாசாலையில் இரண்டு ஆண்டுகள் அனுதினமும் சம்பாஷித்தார். உங்களை வேண்டாம் என்று தெளிவாகச் சொன்ன வீட்டுக் கதவை மறுபடியும் தட்டாதீர்கள். அந்த வீட்டாரைச் சந்தையில் கண்டால் நலம் விசாரியுங்கள்; அவர்கள் வீட்டுத் துக்கத்துக்குப் போய் உட்காருங்கள்; அங்கே பிரசங்கம் செய்யாதீர்கள்.

நீங்கள் சொன்னதை ஒருவர் ஏற்றுக்கொண்டால், எதிர்ப்பின் பாரம் உங்களைவிட அவர்மேல்தான் அதிகமாக விழும். அவரை அவசரப்படுத்தி ஞானஸ்நானத்துக்கு அழைத்துச் செல்வதும், குடும்பத்தாரோடு மோதும்படி தூண்டிவிடுவதும் பெரிய தவறுகள். பெற்றோருக்குச் செய்யும் கடமைகளில் முன்பைவிட உண்மையாக இருக்கச் சொல்லுங்கள். வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டால் எங்கே தங்குவார், யார் உணவளிப்பார் என்பதைச் சபை முன்கூட்டியே முடிவுசெய்து வைத்திருக்க வேண்டும்.

ஊழியரும் தனியாக இருக்கக் கூடாது. உங்களோடு ஜெபிக்கவும், நீங்கள் கோபத்தில் பேசியதைச் சுட்டிக்காட்டவும் துணிகிற இரண்டு பேரையாவது வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் அவர்களுக்கும் கற்றுக்கொடுங்கள். சீகன்பால்க் 1719-இல், 36 வயதில் இறந்தபோது பழைய ஏற்பாட்டில் ரூத் வரைதான் மொழிபெயர்த்திருந்தார். மீதியை அவருக்குப் பின் வந்த மிஷனரி சூல்ட்சே செய்து முடித்தார்.