லினக்ஸை வேகமாக்கறேன்னு பண்ணக்கூடாத சில வேலைங்க

லினக்ஸ் ஸ்லோவா இருக்குன்னு தோணுனதும் நெறைய பேர் பண்றது, எங்கயோ கெடச்ச பத்து பதினஞ்சு ட்வீக்கை (செட்டிங்ல பண்ற சின்ன மாற்றம்) மொத்தமா காப்பி பண்ணி ஒட்டிட்டு ரீபூட் பண்றதுதான். ரீபூட் ஆனதும் வேகமா இருக்கற மாதிரிதான் தெரியும், ஆனா அது ட்வீக்காலயா இல்ல எல்லாம் புதுசா ஸ்டார்ட் ஆனதாலயான்னு சொல்ல முடியாது. ரெண்டு நாள் கழிச்சு ஏதாவது உடைஞ்சா எந்த வரி உடைச்சுச்சுன்னும் தெரியாது. அதனால கை வைக்கறதுக்கு முன்னாடி எது அடைச்சுக்கிட்டு நிக்குதுன்னு பாருங்க. சிபியூவா, ரேமா, டிஸ்க்கா? டாப் கமாண்ட்ல மேல சிபியூ வரியில ஐஓ வெயிட் சதவீதம் ஏறிக்கெடந்துச்சுன்னா டிஸ்க்குக்காக வேலை காத்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், அப்போ சிபியூ செட்டிங்கை எவ்ளோ நோண்டினாலும் ஒண்ணும் ஆகாது. இன்னும் தெளிவா வேணும்னா 2018ல 4.20 கெர்னலோட (கெர்னல்ங்கறது லினக்ஸோட மையப் பகுதி) வந்த ப்ரஷர் ஃபைல்கள் இருக்கு, ப்ராக் (/proc) கீழ ப்ரஷர் ஃபோல்டர்ல சிபியூ, மெமரி, ஐஓ மூணுக்கும் தனித்தனியா, கடைசி 10, 60, 300 செகண்ட்ல எத்தனை சதவீத நேரம் வேலைங்க காத்துக் கெடந்துச்சுன்னு சொல்லிடும். அங்க எல்லாமே பூஜ்யத்துக்கிட்ட இருந்தா பிரச்சனை சிஸ்டம்ல இல்ல, அந்த அப்ளிகேஷன்லயோ நெட்வொர்க்லயோ இருக்கலாம்.

அதிகமா குழப்பிக்கறது ரேம் விஷயத்துலதான். ஃப்ரீ கமாண்ட் போட்டதும் ஃப்ரீங்கற கட்டத்துல கொஞ்சூண்டு நம்பரைப் பாத்து ரேம் தீந்துபோச்சுன்னு பயந்துடறாங்க. சும்மா கெடக்கற ரேமால யாருக்கும் பிரயோஜனம் இல்ல, அதனால கெர்னல் நீங்க படிச்ச ஃபைல்களை அதுல கேஷா (மறுபடி வேணும்னா சட்டுனு எடுக்க) வச்சுக்குது, ஏதாவது ப்ரோக்ராம் கேட்டா அந்த எடத்தை விட்டுக்குடுத்துடும். நீங்க பாக்க வேண்டியது அவைலபிள் கட்டம், அதுதான் புதுசா தொறக்கற ப்ரோக்ராமுக்கு எவ்ளோ கெடைக்கும்னு மதிப்பு போட்டு சொல்றது. இது தெரியாம ட்ராப் கேஷஸ்ங்கற கேஷ் காலி பண்ற செட்டிங்கை கிரான்ல (குறிச்ச நேரத்துல தானா வேலை ஓட்டற வசதி) போட்டு மணிக்கொரு தரம் கேஷை காலி பண்றவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு பண்ணாதீங்க. சமையல்கட்டுல கைக்கெட்டற எடத்துல இருக்கற டப்பாவையெல்லாம் மணிக்கொரு தடவ பரண்ல ஏத்தி வைக்கற மாதிரி அது. காலி பண்ணதையெல்லாம் மறுபடி டிஸ்க்ல இருந்துதான் படிக்கணும், சிஸ்டம் இன்னும் ஸ்லோவாதான் ஆகும். டெஸ்டிங், டீபக்கிங் தவிர வேற எதுக்கும் இதை யூஸ் பண்ண வேணாம்னு கெர்னல் டாக்குமெண்டேஷனே சொல்லுது.

அடுத்தது ஸ்வாப், அதாவது ரேம்ல எடம் பத்தாதப்போ டேட்டாவை தள்ளி வைக்கற எடம், வழக்கமா டிஸ்க்ல இருக்கும். ஸ்வாப் இருந்தா ஸ்லோ, அதனால ஆஃப் பண்ணிடுன்னு ஒரு அட்வைஸ் ரொம்ப நாளா சுத்துது. ரேம் நெருக்கடி வரும்போது கெர்னல் எதையாவது வெளிய தள்ளியே ஆகணும், ஸ்வாப் இல்லன்னா ப்ரோக்ராமோட டேட்டாவை தள்ள எடமே கெடையாது, அப்போ அது ஃபைல்ல இருந்து வந்த பக்கங்களைத்தான் தூக்கி எறியும், அதுல ஓடிக்கிட்டு இருக்கற ப்ரோக்ராமோட கோடும் சேத்தி. எறிஞ்சதை அடுத்த நொடியே திருப்பி படிக்கணும், திருப்பி எறியணும், டிஸ்க் லைட் விடாம எரியும், மவுஸ் கூட நகராது, மெமரி தீந்துதுன்னு கெர்னல் எதையாவது கொல்ற வரைக்கும் இதே கதைதான். கெர்னல் எவ்ளோ தாராளமா ஸ்வாப் பண்ணணும்னு சொல்ற ஸ்வாப்பினெஸ் நம்பரோட டிஃபால்ட் 60, அதை 10 ஆக்குன்னு எல்லாரும் சொல்றாங்க, ஹார்ட் டிஸ்க் ஸ்வாப்புக்கு அதுல கொஞ்சம் நியாயம் இருக்கு. ஆனா ரேமுக்குள்ளயே கம்ப்ரெஸ் பண்ணி வைக்கற இசட்ரேம் ஸ்வாப்புக்கு (ஃபெடோரா 33ல இருந்து அதுதான் டிஃபால்ட்) இது நேர் எதிர், அங்க ஸ்வாப் பண்றது டிஸ்க்ல இருந்து ஃபைலை திருப்பி படிக்கறதை விட சல்லிசு, அதனாலதான் 5.8 கெர்னல்ல இருந்து இந்த நம்பரை 200 வரைக்கும் ஏத்த விட்டாங்க. எந்த ஸ்வாப் இருக்குன்னு பாக்காம நம்பரை மட்டும் காப்பி பண்ணா உள்ளதும் போயிடும்.

காலாவதியான ட்வீக் இன்னொரு தொல்லை. டிஸ்க் வேலைகளை வரிசைப்படுத்தற ஷெட்யூலரை சிஎஃப்க்யூல இருந்து டெட்லைனா மாத்துன்னு க்ரப்ல (பூட் செட்டிங்) எலிவேட்டர் வரி சேக்கச் சொல்வாங்க, அந்த பழைய ஷெட்யூலர்களே 2019ல வந்த 5.0 கெர்னலோட போயாச்சு, அந்த வரி இப்ப எந்த வேலையும் செய்யாது. ஃபைலை படிச்ச நேரத்தை குறிக்காம விடற நோஏடைம் போட்டா பறக்கும்பாங்க, 2009ல இருந்தே அதை அபூர்வமா மட்டும் குறிக்கற ரெல்ஏடைம் டிஃபால்ட், அதனால கெடைக்கற லாபம் ரொம்ப கம்மி. சர்வர்ல முடிஞ்ச கனெக்‌ஷனை சீக்கிரமா விடுவிக்கற டிசிபி டைம் வெயிட் ரீசைக்கிளை ஆன் பண்ணச் சொன்ன பழைய கட்டுரைங்க இன்னமும் கெடைக்குது, ஒரே நேட்டுக்குப் (பல மெஷின் ஒரே ஐபி முகவரியை பகிர்ந்துக்கற அமைப்பு) பின்னாடி இருந்து வர்றவங்களோட கனெக்‌ஷனை அது அறுத்துவிட்டதால 4.12ல அதையே தூக்கிட்டாங்க. எந்த அட்வைஸா இருந்தாலும் எழுதுன வருஷத்தை மொதல்ல பாருங்க.

பூட் டைமுக்கு சிஸ்டம்டி அனலைஸ் ப்ளேம் (எந்த சர்வீஸ் ஸ்டார்ட் ஆக எவ்ளோ நேரம் எடுத்துச்சுன்னு காட்டற கமாண்ட்) ஓட்டி, மேல வர்ற சர்வீஸையெல்லாம் வரிசையா டிஸேபிள் பண்றதும் தப்பு. சர்வீஸ்கள் ஒரே நேரத்துல பக்கத்துப் பக்கத்துல ஸ்டார்ட் ஆகுது, அதனால 8 செகண்ட் எடுத்துக்கற ஒண்ணு உங்களை ஒரு செகண்ட் கூட காக்க வைக்காம இருக்கலாம். சிஸ்டம்டி அனலைஸ் கிரிட்டிகல் செயின் போட்டுப் பாத்தாதான் யாரு யாருக்காக காத்திருந்தாங்கன்னு தெரியும். லேப்டாப்ல சிபியூ வேகத்தை தீர்மானிக்கற கவர்னரை பர்ஃபாமன்ஸ்ல வச்சே ஓட்டறதும் அப்டித்தான், சூடேறுனா சிபியூ தானே வேகத்தை கொறச்சுக்கும்.

உண்மையாவே பயப்பட வேண்டியது ரெண்டு. இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம்ல பேரியரை (டேட்டா சரியான வரிசையில டிஸ்க்ல எழுதறதை உறுதி பண்றது) ஆஃப் பண்றது, கரண்ட் போற நேரத்துல ஃபைல் சிஸ்டமே சிதைஞ்சுபோக வாய்ப்பு இருக்கு. இன்னொண்ணு மிட்டிகேஷன்ஸ் ஆஃப், 2018 ஜனவரில வெளிய வந்த ஸ்பெக்டர், மெல்ட்டவுன் மாதிரி சிபியூ பாதுகாப்பு ஓட்டைகளுக்குப் போட்ட பூட்டையெல்லாம் அது தொறந்துவிடுது. ப்ரவுசர் ஓடற மெஷின்ல அதை வைக்கவே வேணாம், புது சிபியூக்கள்ல சில ஓட்டைங்களை ஹார்ட்வேர்லயே அடைச்சுட்டதால கெடைக்கற வேகமும் பெருசா இருக்காது.

இவ்வளவுக்கு அப்புறமும் ஏதாவது மாத்தணும்னா ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணு மாத்துங்க, அதே வேலையை முன்னாடியும் பின்னாடியும் ஓட்டி நேரத்தை குறிச்சுக்கோங்க. சிஸ்சிடிஎல் (கெர்னல் செட்டிங்கை மாத்தற வழி) செட்டிங்னா மெயின் ஃபைல்ல எழுதாம சிஸ்சிடிஎல் டாட் டி ஃபோல்டர்ல தனி ஃபைலா போடுங்க, ஏன் போட்டோம்னு ஒரு கமெண்டோட. சரிப்படலைன்னா அந்த ஒரு ஃபைலை அழிச்சுட்டு ரீபூட் பண்ணா போதும், பழைய மாதிரி ஆயிடும்.