சோலோவில் கிட்டார் மேலே வர: கிளீன் பூஸ்ட் பெடலை எங்கே மாட்டுவது?

பூஸ்ட் பெடல் வாங்கி முதல் தடவை மேடையேறியது ஒரு கல்யாண வரவேற்பில். சோலோ வந்ததும் கெத்தாக மிதித்துவிட்டு, கண்ணை மூடி வாசித்தேன். கீழே இறங்கியதும் டிரம்ஸ் வாசிக்கும் நண்பன் கேட்டான்: "ஏன்டா, சோலோவ விட்டுட்ட?" பெடலில் ஒரு கோளாறும் இல்லை. நான் மாட்டிய இடம்தான் தப்பு.

கிளீன் பூஸ்டுக்கு ஒரே வேலைதான். வரும் சிக்னலை, தன் பங்குக்குக் கரகரப்பு எதுவும் சேர்க்காமல், பெரிதாக்கி அனுப்பும். 6 டெசிபல் ஏற்றினால் சிக்னலின் மின்னழுத்தம் இரண்டு மடங்காகும். ஆனால் காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய 10 டெசிபல் அளவுக்கு ஏற வேண்டும். எம்எக்ஸ்ஆர் மைக்ரோ ஆம்ப் என்ற பூஸ்ட் பெடல் 26 டெசிபல் வரை தரும். சோலோவுக்கு அதில் கால்வாசியே தாராளம்.

ஏற்கெனவே உறுமிக்கொண்டிருக்கும் ஆம்ப், தளும்ப நிறைந்த குடம் மாதிரி. இன்னும் ஊற்றினால் வழியும், மட்டம் ஏறாது. கெயின் (உள்ளே சிக்னலைப் பெரிதாக்கும் அளவு) ஏறிய ஆம்புக்குள் பூஸ்ட் போனால் கரகரப்பு கூடும், சுரம் நீளும், ஆனால் சத்தம் அப்படியே நிற்கும். 1960களின் கடைசியில் நியூயார்க்கின் எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் விற்க ஆரம்பித்த எல்பிபி-1, ஒரே ஒரு டிரான்சிஸ்டர் வைத்த சின்னப் பெட்டி. அதை முன்னால் மாட்டியதும் வால்வு ஆம்புகள் திணறி உறுமின. அந்த உறுமலுக்காகவே பலர் அதை வாங்கினார்கள். அவர்களுக்குக் கிடைத்த லாபம்தான் அன்று மேடையில் எனக்கு நஷ்டம்.

முதலில் ஒரு சோதனை. எல்லாப் பெடலையும் அணையுங்கள். கிட்டார் வால்யூம் முழுதாக இருக்கட்டும். ஒரு ஈ கார்டை ஓங்கி அடியுங்கள். தெளிவாகக் கேட்டால் உங்கள் டிஸ்டார்ஷன், அதாவது கரகரப்பு, பெடலிலிருந்து வருகிறது. கரகரத்தால் அது ஆம்பிலேயே பிறக்கிறது. அடுத்து செய்வதெல்லாம் இந்த விடையைப் பொறுத்தது.

ஆம்ப் தெளிவாக இருந்தால் வேலை சுலபம். கிட்டார், ஓவர்டிரைவ் (கரகரப்பு தரும் பெடல்), பூஸ்ட், டிலே (எதிரொலி தரும் பெடல்), ஆம்ப் என்ற வரிசையில் மாட்டுங்கள். பூஸ்ட் ஓவர்டிரைவுக்குப் பின்னால் இருப்பது முக்கியம். முன்னால் வைத்தால் அதே குடம் கதைதான். டிலேவுக்கு முன்னால் வைக்கவும் ஒரு காரணம் உண்டு. பின்னால் இருந்தால், சோலோ முடிந்து பூஸ்டை அணைத்த நொடியில் டிலேயின் வால் சட்டென்று சிறுத்துவிடும். கேட்பவருக்கு யாரோ கதவைச் சாத்திய மாதிரி இருக்கும்.

ஆம்பிலேயே கரகரப்பு என்றால் அதன் முதுகைப் பாருங்கள். செண்ட், ரிட்டர்ன் என்று இரண்டு துளைகள் இருக்கும், இந்த ஜோடிக்கு லூப் என்று பெயர். ஆம்பின் வால்யூமைக் குறைத்துவிட்டு, செண்டிலிருந்து பெடலின் இன்புட்டுக்கு ஒரு கேபிள், பெடலின் அவுட்புட்டிலிருந்து ரிட்டர்னுக்கு இன்னொன்று. இப்போது கரகரப்பு உருவாகி முடிந்த பிறகுதான் சிக்னல் பெரிதாகிறது. மாஸ்டர் வால்யூமை உச்சத்தில் வைத்திருந்தால் மட்டும் இதுவும் பலிக்காது. ஸ்பீக்கரை இயக்கும் கடைசிப் பகுதியான பவர் ஆம்பும் நிறைந்த குடமாகிவிடும்.

சில ஆம்புகளில் லூப் சிக்னல் பலமாக இருக்கும், அது பெடலையே திணறடிக்கும். லூப் அளவைக் குறைக்கும் சுவிட்ச் இருந்தால் போடுங்கள். 18 வோல்ட் மின்சாரம் கொடுத்தால் சில பெடல்கள் அந்தச் சிக்னலைச் சமாளிக்கும், ஆனால் உங்கள் பெடல் அதைத் தாங்கும் என்று கையேட்டில் பார்த்த பிறகுதான். தாங்காத பெடல் புகைந்துவிடும்.

லூப்பே இல்லையா? ஃபெண்டர் புளூஸ் ஜூனியர் அப்படித்தான். ஆம்பைத் தெளிவாக வைத்து, டிஸ்டார்ஷனைப் பெடலிடம் விட்டுவிடுங்கள். பிறகு முந்தைய வரிசைதான்.

அளவு வைப்பது. குமிழில் ஒரு சூட்சுமம் உண்டு. மைக்ரோ ஆம்பில் இடது கோடியில் வைத்தால் சிக்னல் ஏறக்குறைய வந்தபடியே போகும். எல்பிபி-1இல் அதே இடது கோடியில் சத்தமே வராது, ஏனென்றால் அதன் குமிழ் வெளியே போகும் அளவைத் திருகுகிறது. உங்களுடையது எந்த வகை என்று பாருங்கள். பெடலை மிதித்து மிதித்து, போட்டாலும் அணைத்தாலும் ஒரே சத்தம் வரும் இடத்தைப் பிடியுங்கள். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

இதைத் தனியறையில் செய்து முடிவெடுக்காதீர்கள். தனியாகக் கேட்டால் 3 டெசிபலே அதிகமாகத் தெரியும். டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்ததும் காணாமல் போகும். ஒத்திகையில், எல்லோரும் முழுச் சத்தத்தில் வாசிக்கும்போது வையுங்கள். 4 முதல் 6 டெசிபல் வரை என் கணக்கு. ஃபோனில் பதிவு செய்து பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பல ஃபோன்கள் பெரிய சத்தத்தைத் தாமே அமுக்கிவிடும். நீளமான கேபிள் போட்டு, கிட்டாரோடு கூடத்தின் கடைசிக்கு நடந்துபோய் நீங்களே கேளுங்கள்.

அப்போதும் மேலே வரவில்லையா? வால்யூமைத் தொடாமல் ஆம்பின் மிடில் குமிழை (நடு அலைவரிசை) ஒரு நூல் ஏற்றிப் பாருங்கள். மிடிலைக் குடைந்து எடுத்த டோன் வீட்டில் இனிக்கும், மேடையில் பேஸுக்கும் சிம்பலுக்கும் நடுவே மறைந்துபோகும்.

ஆம்புக்கு மைக் வைத்திருந்தால், சவுண்ட் செக்கில் ரிதமும் சோலோவும் இரண்டையும் வாசித்துக் காட்டுங்கள். மிக்சரில் உங்கள் சேனலுக்கு கம்ப்ரஸரை இறுக்கிப் போட்டிருந்தால் நீங்கள் ஏற்றியதை அது இறக்கிவிடும். மிக்சர் பார்ப்பவரிடம் "அண்ணே, சோலோவுக்கு நானே ஏத்திக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் தளர்த்திவிடுவார்.

மிதிப்பது சோலோவின் முதல் சுரத்தில் அல்ல, அதற்கு முந்தைய பாரின் கடைசித் தட்டில். அணைப்பதையும் அதேபோல் காலுக்குப் பழக்குங்கள். நான் ஒருமுறை மறந்துபோய், அடுத்த சரணம் முழுக்கப் பாடகர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். சோலோ நன்றாக இருந்தது என்பதற்காக என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.