பழைய ஹாலிவுட் படங்கள்: புதிதாக வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய அமெரிக்கப் படங்களுக்கு க்விஸ் நடத்துவது, எளிதில் கிடைக்காத படங்களைத் தேடிப் பிடிப்பது, பிறகு அதைப் பற்றி நள்ளிரவு வரை வாதாடுவது. இதையே பொழுதுபோக்காகக் கொண்ட கூட்டம் எங்களுடையது. சமீபகாலமாகக் கல்லூரிப் பிள்ளைகள் நிறைய வந்து சேர்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் அந்த வயதில் நாங்கள் விழுந்த குழிகளிலேயே அவர்களும் வரிசையாக விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

நடிகைகள் ஆட்ரி ஹெப்பர்னையும் காதரின் ஹெப்பர்னையும் அக்கா தங்கை என்று நினைப்பது, இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ் படத்தை இன்னொரு இயக்குநர் ஃப்ராங்க் காப்ரா கணக்கில் எழுதுவது மாதிரியான சில்லறைத் தவறுகளை நான் தொடப்போவதில்லை. நாலு படம் பார்த்தால் அதெல்லாம் தானே சரியாகிவிடும். தானாகச் சரியாகாத தவறுகள் சில இருக்கின்றன. அவற்றைத்தான் சொல்கிறேன்.

‘முதல்’ என்ற சொல்லை நம்புவது

முதல் பேசும் படம் எது என்று கேட்டால் ‘த ஜாஸ் சிங்கர்’ (1927) என்று உடனே பதில் வரும். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சட்டென்று சொல்ல மாட்டார்கள். படத்தின் பெரும்பகுதி எழுத்து அட்டைகளோடு ஓடும் மௌனப் படம்தான். அல் ஜோல்சன் பாடும் இடங்களிலும் கொஞ்சம் பேசும் இடத்திலும் மட்டும் ஒலி உண்டு. தொடக்கத்திலிருந்து முடிவு வரை பேசிய முதல் முழுநீளப் படம் அடுத்த ஆண்டு, ‘ஜாஸ் சிங்கர்’ எடுத்த அதே வார்னர் நிறுவனம் எடுத்த ‘லைட்ஸ் ஆஃப் நியூயார்க்’. இசையைத் தட்டில் பதிந்து படத்தோடு சேர்த்து ஓட்டுவதை 1926இலேயே ‘டான் ஜுவான்’ படத்தில் அவர்கள் செய்துவிட்டார்கள்.

வண்ணத்திலும் இதே கதை. ‘கான் வித் த விண்ட்’ (1939) முதல் வண்ணப் படம் என்று இன்னும் எழுதுகிறார்கள். டெக்னிகலர் என்ற வண்ணப்பட முறையில், மூன்று வண்ணத்தில் முழுநீளமும் எடுத்த முதல் படம் 1935இல் வந்த ‘பெக்கி ஷார்ப்’. இரண்டு வண்ணத்தில் எடுத்தவை அதற்கும் முன்னால். எதில் முதல், எந்த முறையில் முதல் என்று சொல்ல முடியவில்லை என்றால் அந்தக் கேள்வியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

எந்தப் பிரிண்ட் என்று கேட்காமல் பார்ப்பது

இத்தனை வருஷம் கழித்தும் எனக்குக் கோபம் வருவது இந்த ஒன்றில்தான்.

எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி இருக்கிறார். வேலை கணினியில், உயிர் 1930, 40களின் நகைச்சுவைப் படங்களில். ஒரே பெட்டியில் ஐம்பது படம் என்று விற்கிற டிவிடி தொகுப்பு ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார். பெட்டியின் விலையை விடத் தபால் செலவும் சுங்கமும் அதிகம். அதில் முதலில் போட்டுப் பார்த்தது ‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’. மறுநாள் வந்து, “அண்ணே, இதைப் போய்த் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறீர்களே! ஒரே கத்தல், ஒன்றும் புரியவில்லை” என்றார்.

ஹோவர்ட் ஹாக்ஸ் 1940இல் எடுத்த படம் அது. பத்திரிகை ஆசிரியராக கேரி கிராண்ட், அவரை விவாகரத்து செய்த நிருபராக ரோசலிண்ட் ரஸ்ஸல். ஒருவர் வாக்கியம் முடியும் முன் மற்றவர் வாக்கியம் அதன்மேல் ஏறிவிடும். அதற்கேற்ற மாதிரி வசனத்தையே எழுதியிருப்பார்கள். படத்தின் ருசியே அந்த வேகம்தான். தம்பி வாங்கிய பிரிண்டில் ஒலி, ஈரத் துணியால் மூடியது போல மந்தமாக இருந்தது. காட்சிக்குக் காட்சி படம் எகிறியது. வெட்டி ஒட்டிய இடங்களில் பாதி வார்த்தைகள் காணாமல் போயிருந்தன. போதாததற்குக் கீழே குத்துமதிப்பாகப் போட்ட சப்டைட்டில் வேறு. நல்ல பிரிண்டில் உணவகக் காட்சியை மட்டும் அவருக்குப் போட்டுக் காட்டினேன். மாப்பிள்ளையாகப் போகிற ரால்ஃப் பெல்லமி ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்க, பழைய கணவனும் மனைவியும் அவர் எதிரிலேயே வார்த்தையால் மோதுகிறார்கள். தம்பி சிரித்த சிரிப்பில் அந்த ஐம்பது படப் பெட்டி அங்கேயே காலாவதியாகிவிட்டது. அவர் பணம் போனது போனதுதான்.

இப்படி மோசமான பிரிண்டுகள் ஏன் சந்தையில் குவிகின்றன? காரணம் அமெரிக்கக் காப்புரிமைச் சட்டம். அன்றைய விதிப்படி ஒரு படத்துக்கு முதலில் 28 ஆண்டு உரிமை. அது முடியும்போது உரிமையாளர் விண்ணப்பித்துப் புதுப்பிக்க வேண்டும். 1963 வரை வந்த படங்களுக்கு இந்தக் கட்டாயம் இருந்தது. மறந்தால் படம் பொதுச்சொத்து. ‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’ அப்படிப் போனதுதான். 1946இல் வந்த ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ படத்துக்கு 1974இல் புதுப்பிக்கத் தவறினார்கள். தொலைக்காட்சிகள் காசு கொடுக்காமல் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஓட்டி ஓட்டியே அதைப் புகழ்பெறச் செய்தன. மூலக் கதையின் உரிமையையும் இசையின் உரிமையையும் காட்டி 1993இல்தான் அதை மீண்டும் பிடித்து நிறுத்தினார்கள். ‘ஷரேட்’ (1963) இன்னும் வேடிக்கை. படத்தில் போட்ட உரிமை அறிவிப்பில் ‘காப்பிரைட்’ என்ற சொல்லும் இல்லை, அதற்கான குறியும் இல்லை. வெளியான நாளிலேயே பொதுச்சொத்து.

பொதுச்சொத்து என்றால் யார் வேண்டுமானாலும் விற்கலாம் என்றுதான் பொருள். மூல நெகடிவ் யார் வேண்டுமானாலும் தொடலாம் என்று பொருள் இல்லை. அதனால் மலிவு விற்பனையாளர்கள் தொலைக்காட்சிக்குப் போன 16 எம்எம் பிரிண்ட் ஒன்றைப் பிடித்து, அதிலிருந்து நகல், அந்த நகலிலிருந்து நகல் என்று எடுத்துக்கொண்டே போனார்கள். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து என்ன ஆகும்? அதேதான். ‘ஷரேட்’ படத்தில் ஆட்ரி ஹெப்பர்ன் போடும் சிவப்புக் கோட், நான் பார்த்த ஒரு மலிவுப் பிரிண்டில் வெளுத்த செங்கல் நிறத்தில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு “அந்தக் கால வண்ணம் அப்படித்தான்” என்று ஒருவர் விளக்கம் வேறு சொன்னார்.

தரம் மட்டும்தான் பிரச்சினை என்றாலும் பொறுத்துக்கொள்ளலாம். சில சமயம் நீங்கள் பார்ப்பது வேறு படம். ‘பேபி ஃபேஸ்’ (1933) அதற்கு நல்ல உதாரணம். பார்பரா ஸ்டான்விக் ஒரு வங்கியில் மாடிக்கு மாடி ஆண்களைப் பயன்படுத்தி மேலே ஏறும் கதை. அவருக்கு ஊரில் புத்தி சொல்லும் கிழவர் ஜெர்மன் தத்துவவாதி நீட்சேவைப் படித்துக் காட்டி, ஆண்களைப் பயன்படுத்திக்கொள் என்கிறார். தணிக்கைக்குப் பயந்து வெளியீட்டுக்கு முன் அந்தப் பேச்சை நீதிபோதனையாக மாற்றினார்கள். முடிவையும் திருத்தி ஒட்டினார்கள். எழுபது ஆண்டு உலகம் பார்த்தது அந்த 71 நிமிடப் படத்தைத்தான். 2004இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் சேகரிப்பில் வெட்டுக்கு முந்தைய பிரதி கிடைத்தது. சுமார் ஐந்து நிமிடம் கூடுதல். பழைய பிரதியைப் பார்த்துவிட்டு “பெண்ணுக்கு அறிவுரை சொல்லி முடிக்கிற பழமைவாதப் படம்” என்று எழுதுகிறவர் படத்தைத் திட்டவில்லை, தணிக்கைக்காரரைத் திட்டுகிறார்.

1934 ஜூலையிலிருந்து தணிக்கை விதிகள் கறாராக நடைமுறைக்கு வந்தன. அதற்கு முந்தைய படங்களை மறுவெளியீடு செய்யும்போது வெட்டச் சொன்னார்கள். ‘கிங் காங்’ (1933), ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ (1931) இரண்டும் இப்படி வெட்டுப்பட்டுப் பல காலம் கழித்து மீண்டவை.

சரி, எப்படிச் சரிபார்ப்பது? முதலில் ஓடும் நேரம். ‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’ 92 நிமிடம். உங்கள் டிஸ்க்கில் 88 என்று இருந்தால் உடனே பதறாதீர்கள்: ஐரோப்பியத் தொலைக்காட்சி முறையான ‘பால்’ (PAL) டிவிடிகளில் நொடிக்கு 24 ஃப்ரேம் படம் 25 ஆக ஓடுவதால் நூற்றுக்கு நாலு பங்கு நேரம் குறையும். அதற்கும் கீழே போனால்தான் வெட்டு. அடுத்தது சட்டகம். 1953க்கு முன் வந்த படங்கள் ஏறக்குறைய சதுரத்துக்குக் கிட்டத்தில் இருக்கும், உயரம் 1 என்றால் அகலம் 1.37. உங்கள் அகலத் திரையை முழுக்க நிரப்பினால் மேலேயும் கீழேயும் வெட்டியிருக்கிறார்கள். நெற்றிகள் காணாமல் போயிருக்கும். இந்த அநியாயம் புதிதும் இல்லை. ‘கான் வித் த விண்ட்’ படத்தையே 1967இல் 70 எம்எம் மறுவெளியீட்டுக்காக மேலும் கீழும் கத்தரித்தார்கள்.

மௌனப் படம் என்றால் வேகத்தைப் பாருங்கள். அவற்றில் பலவற்றை நொடிக்கு 24 ஃப்ரேமுக்கும் குறைவாகத்தான் எடுத்தார்கள். அதை ஒலிப்பட வேகத்தில் ஓட்டினால் எல்லாரும் எறும்பு கடித்த மாதிரி ஓடுவார்கள். “மௌனப் படத்தில் எல்லாரும் ஏன் அப்படி ஓடுகிறார்கள்” என்று கேட்கிறவர் பார்த்தது பெரும்பாலும் இப்படித் தவறாக ஓட்டிய பிரதியை.

கடைசியாக, அட்டையில் ‘ரெஸ்டோர்ட்’ என்று போட்டிருப்பதற்கு எந்த மதிப்பும் இல்லை. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். யார் மீட்டெடுத்தது என்ற பெயர் வேண்டும்: யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகம், ஜார்ஜ் ஈஸ்ட்மன் அருங்காட்சியகம், அகாடமி ஃபிலிம் ஆர்க்கைவ், இயக்குநர் ஸ்கோர்செஸி 1990இல் தொடங்கிய ஃபிலிம் ஃபவுண்டேஷன் மாதிரி. எட்கர் உல்மரின் ‘டீடூர்’ (1945) பல காலம் சேறு பிடித்த பிரிண்டுகளில்தான் கிடைத்தது. 2018இல் அகாடமி ஆர்க்கைவ் முன்னின்று மீட்டெடுத்த பிறகு, அது மலிவுப் படமே தவிர அலங்கோலமான படம் இல்லை என்று கண்ணால் பார்க்க முடிந்தது.

கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் பூசிய பிரதி

வேண்டாம்.

இயக்குநரே சொன்னார், நடிகரே சொன்னார்

அதே ‘டீடூர்’ படத்தை ஆறு நாளில் எடுத்தேன் என்று உல்மர் பின்னாளில் சொல்லிவந்தார். க்விஸ்களில் இன்றும் அது சுற்றுகிறது. அவர் மகள் வைத்திருந்த படப்பிடிப்புத் திரைக்கதைப் பிரதியில் 14 நாள் என்று எழுதியிருக்கிறது. வயதான பிறகு கொடுக்கும் பேட்டியில் நாள் குறையும், பட்ஜெட் குறையும், மழை மட்டும் கூடும்.

ஸ்டுடியோ அறிவிப்பும் அப்படித்தான். ‘கசாப்ளாங்கா’வில் போகார்ட் வேடத்துக்கு முதலில் ரொனால்ட் ரீகன் என்ற கதை, 1942 ஜனவரியில் வார்னர் விட்ட ஒரு விளம்பரச் செய்தியிலிருந்து வந்தது. நடிகர்களின் பெயர் பத்திரிகையில் அடிபட்டுக்கொண்டே இருக்க அந்தக் காலத்தில் வாடிக்கையாகச் செய்த வேலை அது. தயாரிப்பாளர் ஹால் வாலிஸின் மனத்தில் இருந்தது போகார்ட்தான்.

நல்ல ட்ரிவியா வேண்டுமா? படத்துக்குள்ளேயே கிடக்கிறது. ‘சிங்கிங் இன் த ரெயின்’ (1952) கதையில் ஜீன் ஹேகனின் கீச்சுக் குரலுக்குப் பதிலாக டெபி ரெனால்ட்ஸ் டப்பிங் பேசுவார். அந்தக் காட்சியில் நம் காதில் விழும் இனிமையான பேச்சு ஜீன் ஹேகனின் சொந்தக் குரல். டெபி பாடுவதாகக் காட்டும் ‘வுட் யூ’ பாட்டைப் பாடியது பெட்டி நாய்ஸ்.

ஆஸ்கர் ஆண்டை ஊகிப்பது

‘கசாப்ளாங்கா’ நியூயார்க்கில் முதலில் காட்டப்பட்டது 1942 நவம்பரில். லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்தது 1943 ஜனவரியில். அன்று ஆஸ்கருக்கு லாஸ் ஏஞ்சலஸில் ஓடிய ஆண்டுதான் கணக்கு. ஆகவே 1943க்கான சிறந்த படம்; விருது கையில் கிடைத்தது 1944 மார்ச்சில். மூன்று ஆண்டும் மூன்று விதத்தில் சரி. கேள்வி எழுதுகிறவர் எதைக் கேட்கிறார் என்று தெளிவாக எழுத வேண்டும். சாப்ளினின் ‘லைம்லைட்’ 1952 படம். லாஸ் ஏஞ்சலஸில் 1972 வரை ஓடவில்லை. அதனால் இசைக்கான ஆஸ்கரை 1973 விழாவில் வாங்கியது.

‘தொலைந்த படம்’ விற்கிறவரை நம்புவது

அரிய படம் வேறு, தொலைந்த படம் வேறு. 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வெளியான ஏறத்தாழ 11,000 மௌன முழுநீளப் படங்களில், வெளியான வடிவத்திலேயே முழுதாக எஞ்சியவை 14 சதவீதம்தான் என்று நாடாளுமன்ற நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அந்தக் காலத்தில் படம் பிடித்த நைட்ரேட் சுருள் தானே மக்கும், எளிதில் தீப்பிடிக்கும். 1937இல் நியூ ஜெர்சியில் ஃபாக்ஸ் கிடங்கு எரிந்தது; 1965இல் எம்ஜிஎம் கிடங்கு எரிந்தபோது லான் சேனி நடித்த ‘லண்டன் ஆஃப்டர் மிட்நைட்’ படத்தின் கடைசியாக அறியப்பட்ட பிரிண்டும் போனது.

அந்தப் படம் “கிடைத்துவிட்டது” என்று வருஷத்துக்கு ஒருவராவது செய்தி அனுப்புகிறார். விலையும் சொல்கிறார். அவர் கையில் இருப்பது பெரும்பாலும் 2002இல் அமெரிக்காவின் டர்னர் தொலைக்காட்சிச் சேனலுக்காகப் புகைப்படங்களை அடுக்கிச் செய்த மறுகட்டமைப்பு. முக்கால் மணி நேரம், ஒரு உருவமும் அசையாது. தொலைந்தவை கிடைப்பதும் உண்டு. 1978இல் கனடாவின் டாசன் நகரில் பழைய நீச்சல் குளத்தைத் தூர்க்கக் கொட்டிப் புதைத்திருந்த ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட ரீல்கள் உறைமண்ணிலிருந்து வெளியே வந்தன. ஜான் ஃபோர்டின் ‘அப்ஸ்ட்ரீம்’ (1927) நியூசிலாந்தில் கிடைத்தது. இப்படிக் கிடைத்தால் காப்பகங்கள் அறிவிக்கும், ஊரெல்லாம் பேசும். வாட்ஸப்பில் முன்பணம் கேட்டு வராது.

சேலம் கேள்வி

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸும் அமெரிக்காவின் லிப்பர்ட் நிறுவனமும் சேர்ந்து எடுத்த ‘த ஜங்கிள்’ (1952) படத்தின் இயக்குநர் யார் என்று கேட்டால் தமிழ்ப் படங்கள் இயக்கிய அமெரிக்கர் எல்லிஸ் டங்கன் என்று எழுதித் தருகிறார்கள். சரியான விடை வில்லியம் பெர்க்.