பார்3-ஐக் குறைத்தால் சிலியா வருமா? எம்டிசிகே செல்களில் நாமே பார்த்துவிடலாம்

சிலியம் என்பது செல்லின் மேல்பக்கத்தில் மயிரிழை போல நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்பு, பன்மையில் சிலியா. செல்லுக்கு எது மேல்பக்கம், எது கீழ்பக்கம் என்று முடிவு செய்யும் புரதக் கூட்டத்தில் பார்3, பார்6, ஏபிகேசி, கிரம்ப்ஸ்3 எல்லாம் உண்டு. கிரம்ப்ஸ்3 சிலியத்துக்குள்ளேயே இருக்கிறது. பார்3, சிலியத்துக்குள் சரக்கு கொண்டுபோகும் கைனசின்-2 மோட்டாரோடு சேர்ந்துகொள்கிறது. இந்த இரண்டில் எதைக் குறைத்தாலும் சிலியா குறையும், அதை எண்ணிப் பார்ப்பதுதான் நம் வேலை.

1. எம்டிசிகே செல்களை (நாயின் சிறுநீரகத்திலிருந்து வந்த செல் வரிசை) 0.4 மைக்ரான் துளையுள்ள ஃபில்டரில் அடர்த்தியாகப் போடுங்கள். இடைவெளி இல்லாமல் நிரம்பியபின் இன்னும் ஒரு வாரம் விட வேண்டும். ஆர்பிஇ1 செல்லில் (மனித விழித்திரையிலிருந்து வந்த செல் வரிசை) வளர்ப்பு ஊடகத்தின் சீரத்தை நிறுத்தினால் இரண்டு நாளில் சிலியா வந்துவிடுமே என்பீர்கள். வரும், ஆனால் அதில் மேல்-கீழ் பிரிவு உருப்படியாக இருக்காது, இந்தக் கேள்விக்கு அது உதவாது.

2. பார்3-ஐக் குறைப்பது. நான் மூன்று மாதம் வீணடித்த இடம் இது. எஸ்ஐஆர்என்ஏ (ஒரு புரதம் உருவாவதைச் சில நாள் அடக்கும் சிறு ஆர்என்ஏ) போட்டேன், மூன்றாம் நாள் வெஸ்டர்ன் பிளாட்டில் (புரத அளவைப் பட்டையாகக் காட்டும் சோதனை) பார்3 பட்டை மங்கிப்போயிருந்தது, குஷியாகிவிட்டேன். ஆனால் சிலியா வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது, அதற்குள் புரதம் திரும்பி வந்துவிடுகிறது! அதனால் எஸ்எச்ஆர்என்ஏ-வை (செல்லே தொடர்ந்து தயாரிக்கும், அதே வேலை செய்யும் ஆர்என்ஏ) நிலையாக நுழைத்த செல் வரிசையை எடுங்கள், சிலியா எண்ணும் அதே நாளில் பிளாட்டையும் ஓட்டுங்கள்.

அதோடு முடியவில்லை. பார்3 குறைந்த செல்கள் ஒன்றோடொன்று இறுக்கமாக ஒட்ட நேரம் எடுக்கும், சில இடங்களில் இன்னும் இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகிக்கொண்டே இருக்கும். பிரியப்போகும் செல் தன் சிலியத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்படியானால் சிலியா இல்லாததற்குக் காரணம் பார்3-ஆ, பிரிவு நிற்காததா? கேஐ67 (பிரிந்துகொண்டிருக்கும் செல்களில் மட்டும் இருக்கும் புரதம்) சாயம் போட்டு, அது இல்லாத செல்களை மட்டும் எண்ணுங்கள்.

3. செல்களை அப்படியே நிலைநிறுத்தக் குளிர்ந்த மெத்தனால், மைனஸ் 20 டிகிரி, பத்து நிமிடம். சிலியத்தைக் காட்ட அசிட்டைலேட்டட் டியூபுலின் ஆண்டிபாடி, அதன் அடியைக் காட்ட காமா டியூபுலின் ஆண்டிபாடி. நான் வைத்திருந்த இரண்டு ஆண்டிபாடியும் சுண்டெலியிலிருந்து வந்தவை, முதலாவது (6-11பி-1) ஐஜிஜி2பி வகை, இரண்டாவது (ஜிடியு-88) ஐஜிஜி1 வகை. சாதாரண சுண்டெலி செகண்டரி (முதல் ஆண்டிபாடியில் ஒட்டி ஒளிரும் இரண்டாம் ஆண்டிபாடி) போட்டால் எல்லாம் ஒரே நிறமாகிவிடும், ஐசோடைப் (அந்த ஐஜிஜி வகை) பார்த்து வாங்குங்கள். அடியில் காமா புள்ளி இல்லாத கோடு சிலியம் அல்ல. பிரிந்த இரண்டு செல்களுக்கு நடுவே மிஞ்சும் பாலமும் இதே சாயத்தில் பளிச்சென்று மின்னும்.

பிற்சேர்க்கை: "கான்ஃபோகல் மைக்ரோஸ்கோப்பில் ஒன்றுமே தெரியவில்லை" என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். ஃபில்டரை வெட்டி எடுக்கும்போது புரட்டிவிட்டீர்களா என்று பாருங்கள், செல் இருக்கும் பக்கம் கவர்ஸ்லிப்பை (மூடும் மெல்லிய கண்ணாடி) பார்த்திருக்க வேண்டும். வெட்டும்போதே ஓரத்தில் ஒரு சின்ன மூலை கத்தரித்துவிட்டால் பக்கம் மாறாது.