நிறம் மறைந்தால் மாசு சிதைந்ததாகுமா? பாலிமர்–உலோக ஆக்சைடு ஒளிவினையூக்கி ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நொய்யலில் சாயத்தண்ணீர் ஓடியதைப் பார்த்து வளர்ந்த ஒரு மாணவர், கோவையிலோ ஈரோட்டிலோ வேதியியல் ஆய்வுக்குச் சேர்ந்ததும் ஒளிவினையூக்கியை (ஒளி பட்டால் வினையைத் தூண்டும் பொருளை) தலைப்பாக எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை. டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற உலோக ஆக்சைடின் மீது ஒளி பட்டதும் எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் விட்டுச்சென்ற நேர்மின் வெற்றிடம்) பிரிகின்றன. அவை நீருடனும் அதில் கரைந்துள்ள ஆக்சிஜனுடனும் வினைபுரிந்து உண்டாக்கும் தனியுறுப்புகள் (இணையில்லா எலக்ட்ரான் கொண்ட, வினைத்திறன் மிக்க துகள்கள்) சாய மூலக்கூறைச் சிதைக்கின்றன. ஆனால் அனடேஸ் வகை டைட்டானியம் டை ஆக்சைடின் ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரானைப் பிரிக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) 3.2 எலக்ட்ரான் வோல்ட் என்பதால், ஏறத்தாழ 387 நானோமீட்டருக்கு உட்பட்ட புற ஊதாக் கதிரை மட்டுமே அது ஏற்கும். நம் வெயிலில் அதன் பங்கு மிகக் குறைவு. ஆகவேதான் கண்ணுக்குத் தெரியும் ஒளியை ஏற்கும் பாலிஅனிலின், பாலிபிர்ரோல் போன்ற பாலிமர்களை ஆக்சைடுடன் சேர்க்கிறார்கள். ஆய்வாளரை அதிகம் ஏமாற்றுவதும் அப்படிச் சேர்த்த பாலிமர்தான்.

பாலிஅனிலின் சாயத்தைத் தன் மேற்பரப்பில் நன்றாகப் பற்றிக்கொள்ளும். கலவையைப் போட்டவுடன் விளக்கை எரியவிட்டால், ஒட்டிக்கொண்ட சாயமும் சிதைந்த சாயமும் ஒரே கணக்கில் விழுந்துவிடும். இருட்டில் வைத்துச் செறிவை அவ்வப்போது அளந்து, அது மாறாமல் நின்ற பிறகே ஒளியைச் செலுத்த வேண்டும். வழக்கம் என்பதற்காக அரை மணி நேரத்தோடு நிறுத்துவது எல்லாக் கலவைகளுக்கும் போதாது. வினையூக்கி இல்லாமல் ஒளியில் மட்டும் வைத்த சாயத்தையும் உடன் அளந்தாக வேண்டும்.

அடுத்த தவறு மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயத்தை மட்டும் நம்புவது. அது 664 நானோமீட்டர் அருகே ஒளியைத் தானே ஏற்று, எலக்ட்ரானை ஆக்சைடுக்குக் கொடுத்துத் தன்னைத்தானே சிதைத்துக்கொள்ளக்கூடியது; ஆக்சிஜன் குறைந்தால் நிறமற்ற வடிவத்துக்கு மாறி, காற்றுப் பட்டதும் மீண்டும் நீலமாகும். எனவே ஃபீனால் போன்ற நிறமற்ற சேர்மம் ஒன்றையும் சோதிப்பது நல்லது. நீரில் எஞ்சிய கரிமப் பொருளைக் காட்டும் மொத்தக் கரிமக் கார்பனையோ வேதி ஆக்சிஜன் தேவையையோ அளக்காமல் ‘முழுதும் சிதைந்தது’ என்று எழுதுவதற்கு இடமில்லை. அந்த அளவீட்டைச் சாயம் சேர்க்காத நீரில் வினையூக்கியை மட்டும் போட்டும் செய்து பார்க்க வேண்டும். பாலிமரே தனியுறுப்புகளால் அரிபட்டுக் கரிமப் பொருளை நீரில் விடுகிறதா என்பது அப்போதுதான் வெளிப்படும். மறுபயன்பாட்டுச் சோதனையில் நிறநீக்கம் குறையாததை மட்டும் பார்ப்பவருக்கு இது புலப்படாது.

தயாரிப்பிலும் வரிசை முக்கியம். ஆக்சைடைப் படிகமாக்க 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை சுடுவது வழக்கம். பாலிமர் சேர்ந்த பிறகு காற்றில் அப்படிச் சுட்டால் பாலிமரின் பெரும்பகுதி எரிந்துபோகும். ஆக்சைடை முதலில் சுட்டு, அதன் மேல் பாலிமரை வளர்க்க வேண்டும். படலம் தடித்தால் ஆக்சைடை ஒளியே எட்டாது. அனிலினைப் பாலிஅனிலினாக்கப் பயன்படுத்திய அம்மோனியம் பெர்சல்பேட்டைக் கழுவி நீக்காவிட்டால், எஞ்சியது ஒளியில் சல்பேட் தனியுறுப்பைத் தந்து சாயத்தைச் சிதைக்கும். அந்தப் பெருமை கலவையின் கணக்கில் ஏறிவிடும்.

கலவையின் ஒளி உறிஞ்சல் வரைபடத்தில் ஒரு நேர்கோட்டை நீட்டி, ‘ஆக்சைடின் ஆற்றல் இடைவெளி குறைந்தது’ என்று முடிவு கட்டுவதும் பரவலாக உள்ளது. கண்ணுறு ஒளியை அங்கே ஏற்பது பெரும்பாலும் பாலிமர். ஆக்சைடின் இடைவெளி அப்படியே இருக்கலாம்.

எல்லாவற்றிலும் பெரிய சறுக்கல் ஆய்வக நீரிலிருந்து திருப்பூர்ச் சாயக்கழிவு நீருக்குத் தாவுவதில் நேர்கிறது. பருத்தித் துணிக்கான ரியாக்டிவ் சாயங்கள் எதிர்மின்சுமை கொண்டவை. மெத்திலீன் புளூ நேர்மின்சுமை கொண்டது. சாயத் தொட்டியில் சோடா சாம்பல் சேர்வதால் கழிவு காரத்தன்மை கொண்டிருக்கும்; அந்நிலையில் டைட்டானியம் டை ஆக்சைடின் மேற்பரப்பு எதிர்மின்சுமை பெற்று, மெத்திலீன் புளூவை ஈர்த்து, ரியாக்டிவ் சாயத்தைத் தள்ளும். காரம் பாலிஅனிலினின் அமில மாசூட்டலையும் (மின்கடத்தலுக்காக அதில் ஏற்றிய அமிலத்தையும்) நீக்கிவிடுவதால் அதன் மின்கடத்துதிறன் வீழ்ந்துவிடும். அமிலம் சேர்த்துச் சரிசெய்யலாம் என்றால், டைட்டானியம் டை ஆக்சைடுக்குப் பதில் துத்தநாக ஆக்சைடைப் பயன்படுத்தியிருந்தால் அது அமிலத்தில் கரைந்து துத்தநாகத்தை நீரில் விடும். சாயம் ஏற்றச் சேர்க்கும் உப்பிலிருந்தும் சோடாவிலிருந்தும் வரும் குளோரைடும் கார்பனேட்டும் ஹைட்ராக்சில் தனியுறுப்பைச் சாயத்துக்கு முன்பே விழுங்கும்.

வெயிலில் சோதிப்பவர், ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்றும் மேகமும் வந்து போகும் நாளொன்றின் முடிவைச் சித்திரை வெயிலின் முடிவோடு ஒப்பிடக் கூடாது. பாலிமர் சேராத ஆக்சைடையும் அதே நேரத்தில், அதே வெயிலில், பக்கத்திலேயே வைத்தாக வேண்டும். திறந்த பாத்திரத்தில் ஆவியாகும் நீரையும் ஈடுசெய்ய வேண்டும்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதன் பின்னணியில், கழிவுநீரைத் துளியும் வெளியேற்றக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. எந்த ஒளிவினையூக்கியும் உப்பை நீக்குவதில்லை. நிறம் முழுதும் போனாலும் நீரின் டி.டி.எஸ். (கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள்) குறையாது, சவ்வூடு பிரிப்பும் ஆவியாக்கியும் அங்கே இன்னும் தேவைப்படும். ஆய்வறிக்கையின் முடிவுரையில் ‘சாயக்கழிவுப் பிரச்சினைக்குத் தீர்வு’ என்று எழுதும் முன், தம் வினையூக்கி அந்தச் சுத்திகரிப்புச் சங்கிலியில் எந்தக் கட்டத்தில் நிற்கும் என்பதை மாணவர் ஒரு பத்தியிலாவது சொல்ல வேண்டும்.