பேஷண்ட் லிஃப்ட்: பழகியவர்களும் செய்யும் தவறுகள்

தானாக எழ முடியாதவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற உதவும் சக்கரம் வைத்த தூக்குக் கருவிதான் பேஷண்ட் லிஃப்ட். அதன் சக்கரங்களுக்கு பிரேக் போட்டுவிட்டு ஆளைத் தூக்குவது, நன்றாகப் பழகியவர்களிடமும் காணும் தவறு. பிரேக் போட்டால் பாதுகாப்புதானே என்று தோன்றும். ஆனால் தூக்கும் கை நேர்கோட்டில் மேலே போவதில்லை, வளைந்து எழுகிறது. எடை நகர்வதற்கேற்ப லிஃப்டும் சற்று உருண்டு அதன் அடியில் வந்து நிற்க வேண்டும். சக்கரம் பூட்டியிருந்தால் ஆள் ஊசலாடுவார், சில சமயம் லிஃப்டே சாயும். கட்டிலுக்கும் சக்கர நாற்காலிக்கும்தான் பிரேக் கட்டாயம். உங்கள் மாடலின் கையேடு வேறு மாதிரி சொன்னால் அதன்படி செய்யுங்கள்.

லிஃப்டின் அடிக்கால்களை முழுக்க விரித்த பிறகே தூக்க வேண்டும். கதவு இடுக்கில் நுழையக் குறுக்கினால், தாண்டியதும் உடனே விரித்துவிடுங்கள்.

ஆளைத் தாங்கும் துணித் தொட்டிலான ஸ்லிங்கில்தான் அதிகத் தவறு நடக்கிறது. அளவு பெரிதானால் இடுப்பு நழுவிக் கீழே வழுக்கும், சிறிதானால் தொடையிடுக்கை அறுக்கும். பட்டைகளில் பல நிற வளையங்கள் இருக்கும். வலது தோளுக்கு எந்த நிறமோ இடது தோளுக்கும் அதே நிறம், கால் பட்டைகளுக்கும் அப்படியே. தோள் பக்கம் குட்டை வளையத்தை மாட்டினால் ஆள் நிமிர்ந்து உட்காருவார், நீள வளையத்தில் சாய்ந்திருப்பார். கால் பட்டைகளைத் தொடைக்கு அடியில் கொண்டுவந்து, நடுவில் ஒன்றை மற்றொன்றுக்குள் நுழைத்துக் குறுக்காக மாட்டுவதுதான் வழக்கமான முறை. கால் அகற்றப்பட்டவருக்குச் சாதாரண ஸ்லிங் போதாது, அவருக்கென்றே தைத்தது வேண்டும்.

வேறு நிறுவனத்தின் ஸ்லிங்கை ‘மாட்ட முடிகிறதே’ என்று மாட்டாதீர்கள். லிஃப்ட், கொக்கித் தண்டு (தூக்கும் கையின் நுனியில் ஸ்லிங்கை மாட்டும் தண்டு), ஸ்லிங் மூன்றுக்கும் தனித்தனி எடை வரம்பு உண்டு, அவற்றில் குறைந்ததே உங்கள் வரம்பு. தையல் பிரிந்த ஸ்லிங்கையும், எடை எழுதிய லேபிள் அழிந்ததையும் தூக்கிப் போடுங்கள். பிளீச்சில் ஊறவைத்தால் நூல் வலுவிழக்கும், அது வெளியே தெரியாது.

இடுப்பு படுக்கையிலிருந்து 5 செ.மீ. எழும்பியதும் நிறுத்துங்கள். எல்லாப் பட்டைகளும் ஒரே இறுக்கமா, வளையம் கொக்கியின் அடிவரை இறங்கியிருக்கிறதா, கைகள் ஸ்லிங்குக்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று பிசகினாலும் இறக்கிவிட்டுத்தான் திருத்த வேண்டும். தொங்கும்போது வளையத்தை மாற்ற முயல்வது விபத்தைக் கூப்பிடுவது.

நகர்த்தும்போது லிஃப்டின் கைப்பிடியைத் தள்ளுங்கள், ஆளைப் பிடித்து இழுக்காதீர்கள். லிஃப்டில் ஏற்றியபடியே வீடு முழுக்க உருட்டிச் செல்லவும் கூடாது. இறக்கும்போது கொக்கித் தண்டு முகத்தில் இடிக்கும், ஒரு கையால் அதைப் பிடித்திருங்கள். உடல் எடை முழுதும் இருக்கையில் அமர்ந்த பிறகே வளையத்தைக் கழற்றலாம்.

நடுவில் நின்றுவிட்டால்

மின் லிஃப்ட் அசையாவிட்டால் முதலில் சிவப்பு நிறுத்தப் பொத்தானைப் பாருங்கள். போர்வையோ முழங்கையோ பட்டு அழுந்தியிருக்கும். பெரும்பாலானவற்றில் அம்புக்குறிப் பக்கம் திருகினால் விடுபடும். அடுத்து ரிமோட் வயர், பேட்டரி. சார்ஜில் இருக்கும்போது பல மாடல்கள் இயங்கவே இயங்காது.

அப்போதும் அசையவில்லையா? கட்டிலையோ நாற்காலியையோ அவருக்கு நேர் கீழே கொண்டுவந்து, அவசர இறக்கும் பிடியை இயக்குங்கள். சிலவற்றில் மேலே இழுக்க வேண்டும், சிலவற்றில் திருக வேண்டும். உங்களுடையது எங்கே, எப்படி என்பதை இன்றைக்கே பார்த்து வையுங்கள். ஆள் இல்லாமல் ஒத்திகை பார்த்தால் லிஃப்டின் கை தானாக இறங்காமல் போகலாம், எடை இருந்தால்தான் சிலவற்றில் இறங்கும். கையால் பம்ப் அடிக்கும் ஹைட்ராலிக் லிஃப்டில் வால்வை மெல்லத் திருகுங்கள். ஒரேயடியாகத் திறந்தால் ஆள் தொப்பென்று விழுவார்.

வலிப்பு வந்தாலோ நினைவு தப்பினாலோ நாற்காலி வரை கொண்டுபோக நேரம் செலவழிக்காதீர்கள். பக்கத்தில் எது இருக்கிறதோ அதில், தரையாக இருந்தாலும் சரி, உடனே இறக்குங்கள். மூச்சு நின்றிருந்தால் நெஞ்சை அழுத்தக் கெட்டியான தரையே நல்லது.

தரையில் விழுந்தவரை உடனே லிஃப்டில் ஏற்றிவிடுவதும் தவறு. கழுத்து வலி, இடுப்பு வலி, தலையில் அடி, ஒரு கால் குட்டையாகவோ வெளிப்பக்கம் திரும்பியோ கிடப்பது, இவற்றில் ஏதாவது இருந்தால் அசைக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள். ஒன்றும் இல்லையென்றால் மட்டும் தலையணை வைத்து ஸ்லிங் போடலாம். கொக்கித் தண்டு தாழ இறங்கும் என்பதால் ஒருவர் தலைமாட்டில் இருந்து, அது முகத்தில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.