வீசிங் வர்ற குழந்தைக்கு ராத்திரி மசாஜ், முதல் தடவை செய்றவங்களுக்காக

என் பையனுக்கு வீசிங் வந்தா தோள் ரெண்டும் காதுகிட்ட ஏறிக்கும், கழுத்துல ரெண்டு பக்கமும் சதை கயிறு மாதிரி விறைச்சு நிக்கும், மூச்சு சரியான அப்புறமும் ரெண்டு நாளைக்கு அந்த இறுக்கம் விடாது. அந்த இறுக்கமும், திரும்ப எப்ப வருமோங்குற பயமும் குறையத்தான் இந்த மசாஜ். சுருங்கின மூச்சுக்குழாயை விரிக்கிறது இன்ஹேலர்தான். இதை நம்பி ஒரு பஃப் கூட குறைச்சிடாதீங்க.

1998ல மயாமி பல்கலைக்கழகத்து டிஃபனி ஃபீல்ட் குழுவோட ஆய்வு ஒண்ணு வந்துச்சு. ஆஸ்துமா இருக்குற 32 பிள்ளைங்க, பாதிப் பேருக்கு பெத்தவங்களே தினம் தூங்கப்போற முன்னாடி 20 நிமிஷம், 30 நாள் மசாஜ் பண்ணாங்க, மீதிப் பேருக்கு ரிலாக்சேஷன் பயிற்சி மட்டும். மசாஜ் கிடைச்ச 4லருந்து 8 வயசு பிள்ளைங்களுக்கு பதட்டம் குறைஞ்சு பீக் ஃப்ளோவும் (பலமா ஊதும்போது மூச்சு வெளிய வர்ற வேகம்) கூடுச்சு, பெரிய பசங்களுக்கு அவ்வளவு பலன் இல்ல. ரொம்ப சின்ன ஆய்வு, அதனால அளவா நம்புங்க.

முதல்ல மூச்சு சீரா இருக்குற நாளா பாத்து ஆரம்பிங்க. நகம் வெட்டி, மோதிரம் கழட்டி, கையைத் தேய்ச்சு சூடாக்கிக்கங்க. வாசனை இல்லாத எண்ணெய் நாலு சொட்டு போதும். கற்பூரம், மென்தால், யூகலிப்டஸ் கலந்த தைலம் வேண்டவே வேண்டாம், அந்த நெடியே சில பிள்ளைங்களுக்கு வீசிங்கை கிளப்பிடும், கற்பூரம் உள்ள போனா விஷம். மூக்குக்குள்ள எண்ணெய் விடவும் கூடாது, நுரையீரலுக்குப் போயிடும்.

அப்புறம் "தோளைப் புடிச்சு விடவா?"ன்னு கேளுங்க. வேணாம்னா விட்டுடுங்க.

குப்புறப் படுக்க வைக்காம, உக்கார வச்சு முன்னாடி தலகாணியைக் கட்டிப் பிடிச்சு சாஞ்சுக்க சொல்லுங்க. தோள்ல ஆரம்பிங்க, அங்கதான் நிறைய நேரம் செலவழிக்கணும், கழுத்தடியிலருந்து தோள் முனை வரைக்கும் கட்டைவிரலால மெதுவா வழிச்சு விடுங்க, ரொம்ப லேசா தொட்டா கூச்சம் வந்து நெளியும், வலிக்கிற அளவுக்கும் போகக்கூடாது. பிள்ளை மூச்சை விடும்போது உங்க கையும் கீழ இறங்கட்டும், அஞ்சாறு தடவைல தோள் தானா இறங்குறது கையிலயே தெரியும். அடுத்து முதுகு, தண்டுவடத்து எலும்பை அழுத்தாம ரெண்டு பக்கமும். நெஞ்சுல நடுவுலருந்து விலாப் பக்கமா உள்ளங்கையால தடவினா போதும். முதுகுல தட்டாதீங்க.

விலா இடுக்கு உள்ள இழுக்குது, ஒரு வாக்கியம் முழுசா பேச முடியல, உதடு நீலமாகுதுன்னா மசாஜை அந்த நிமிஷமே நிறுத்திடுங்க. நிமிர்ந்து உக்கார வச்சு டாக்டர் சொல்லிக்கொடுத்த மாதிரி ரிலீவரை (மூச்சுக்குழாயை சட்டுனு விரிக்கிற இன்ஹேலர்) ஸ்பேசரோட (இன்ஹேலர்ல மாட்டுற குழாய்) கொடுத்துட்டு உடனே எமர்ஜென்சிக்குப் போங்க.

ராத்திரி இருமல் வந்துச்சா, ரிலீவர் எத்தனை தடவை தேவைப்பட்டுச்சுன்னு ஒரு நோட்ல எழுதுங்க. அந்த எண்ணிக்கை ஏறுதுன்னா பிள்ளை நல்லா தூங்கினாலும் சரி, நோட்டை எடுத்துட்டு டாக்டர்கிட்ட போயிடுங்க.